மேட்டூரிலிருந்து பூம்புகார் வரை: தண்ணீர் போகிற வழியில் வண்டி

நாளிதழ்களில் மேட்டூர் அணை நிலவரம் என்று நாலு வரி வரும். நீர்மட்டம் இத்தனை அடி, இருப்பு இத்தனை டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கனஅடி), வரத்து இத்தனை கனஅடி, திறப்பு இத்தனை கனஅடி. காவிரி ஓரமாக வண்டியில் போக நினைக்கிறவர்கள் இந்த நாலு வரியைப் படித்துவிட்டு லீவு எழுதிக் கொடுப்பது நல்லது. மேட்டூருக்குக் கீழே காவிரி ஷட்டர் சொல்படி ஓடுகிற ஆறு. திறந்தால் தண்ணீர், மூடினால் மணல். ஏப்ரலில் பள்ளி லீவு கிடைத்தது என்று குடும்பத்தோடு கிளம்பி, திருச்சி காவிரிப் பாலத்தில் நின்று மணலையும் நாணலையும் படம் பிடித்துக்கொண்டு திரும்புகிறவர்கள் வருஷா வருஷம் உண்டு.

அணையின் முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. டெல்டா பாசனத்துக்கு ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். இருப்பு போதவில்லை என்றால் ஜூன் தள்ளிப் போகும்; நிறைந்திருந்தால் முந்தியும் வரும், 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். திறந்த மறுநாள் கல்லணைக்குப் போய் நிற்பதில் பயனில்லை. காய்ந்த மணல் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்ளும். கல்லணைக்கு வந்து சேர மூன்று நான்கு நாள், அங்கிருந்து மயிலாடுதுறை தாண்டிக் கடைமடைக்குப் போக மேலும் ஒரு வாரம், சில ஆண்டு அதற்கும் மேல். ஜூன் கடைசி வாரத்துக்கு முன்பு பூம்புகார் வரை ஆற்றில் தண்ணீர் பார்க்கலாம் என்று நம்பிப் போக வேண்டாம்.

திறப்பு அளவையும் படிக்கத் தெரிய வேண்டும். திறப்பில் ஒரு கனஅடி என்றால் நொடிக்கு ஏறத்தாழ 28 லிட்டர். பத்தாயிரம் கனஅடி ஒரு நாள் முழுக்கப் போனால் அணையிலிருந்து 0.86 டிஎம்சி குறையும். இரண்டாயிரம் மூவாயிரம் என்று இருந்தால் அகன்ற ஆற்றில் தண்ணீர் கோடு கோடாகத்தான் தெரியும். பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் வரை போகும் நாட்கள்தான் இந்தப் பயணத்துக்கு வாகானவை; கரைக்குக் கரை தண்ணீர் இருக்கும், படித்துறைகள் மூழ்காது, படகும் ஓடும். ஐம்பதாயிரத்தைத் தாண்டினால் பார்க்கப் பிரமிப்பாக இருக்கும், ஆனால் படகை நிறுத்துவார்கள், தாழ்வான படித்துறைகளை அடைத்துவிடுவார்கள். லட்சத்தைத் தொட்டால் பயணத்தைத் தள்ளி வைத்துவிடுவதுதான் சரி. அப்போது கரையோரச் சாலைகளில் மணல் மூட்டையோடு அலைகிறவர்களுக்கு இடைஞ்சலாகக் கார் ஓட்டுவது முறையும் இல்லை.

மாதம் என்று கேட்டால் ஆகஸ்ட் இரண்டாம் வாரம் முதல் செப்டம்பர் நடு வரை. குறுவை நடவு முடிந்து பச்சை கட்டியிருக்கும். அதற்கு அடுத்தது டிசம்பர் கடைசி, ஜனவரி முதல் பாதி. மழை ஓய்ந்து சம்பா கதிர் வைத்து நிற்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை டெல்டாவின் மேலேயே கொட்டும். ஆற்றில் தண்ணீர் இருக்கும், சாலை இருக்காது. ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 2 அல்லது 3இல் வரும். அன்றைக்குப் பவானிக் கூடுதுறை, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறை எல்லாம் மனிதத் தலைகள்தான், வண்டியை ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு முன்பே மறித்துவிடுவார்கள். ஆடி, தை, மகாளய அமாவாசைகளுக்கும் இதே கதை. அந்தக் கூட்டத்தைப் பார்ப்பதற்காகவே போகிறவர்கள் ஒரே ஊரில் தங்கி நடையாகப் போக வேண்டும், பயணத்தோடு சேர்க்கக் கூடாது.

மேட்டூர், பவானி, ஈரோடு, கொடுமுடி, கரூர், குளித்தலை, திருச்சி, கல்லணை, திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை, பூம்புகார். சுற்றல்களைச் சேர்க்காமல் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். நெடுஞ்சாலைக் கணக்கில் ஏழு மணி நேரம் என்று கைப்பேசி சொல்லும். ஆற்றோரச் சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் சராசரி கிடைக்காது, நிறுத்துவதற்காகத்தானே போகிறோம். மூன்றரை நாள் வேண்டும்: முதல் இரவு கரூர், இரண்டாம் இரவு திருச்சி அல்லது ஸ்ரீரங்கம், மூன்றாம் இரவு கும்பகோணம். நாலாம் நாள் மதியத்துக்குள் கடல். பைக்குக்குப் போக மட்டும் எட்டு ஒன்பது லிட்டர் பெட்ரோல், சிறிய காருக்கு 25 லிட்டர். வழி நெடுக பங்க் உண்டு. கல்லணைக்கும் திருவையாறுக்கும் நடுவே மட்டும் தேட வைக்கலாம், திருச்சியில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஒகேனக்கல்லிலிருந்து ஏன் தொடங்கவில்லை என்று கேட்பார்கள். ஒகேனக்கல்லுக்கும் மேட்டூருக்கும் இடையே ஆற்றை ஒட்டித் தொடர்ச்சியாகச் சாலை கிடையாது. பென்னாகரம், மேச்சேரி என்று உள்ளே சுற்றித்தான் வர வேண்டும். அதைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்வது மேல்.

மேட்டூரில் பலருக்கு ஏமாற்றம் நேர்வது ஒரு விஷயத்தில்தான். அணை திறந்திருக்கிறது என்று படித்துவிட்டு வந்து பார்த்தால் பதினாறு கண் மதகு காய்ந்து கிடக்கும். பாசனத்துக்கு விடுகிற தண்ணீர் சுமார் 22,000 கனஅடி வரை மின் நிலையங்கள் வழியாகவே போய்விடும். அணை நிரம்பி, அதற்கு மேலும் வரத்து வந்தால்தான் பதினாறு கண் திறப்பார்கள். அந்தக் காட்சி வேண்டும் என்றால் நாளிதழில் 'உபரி நீர்' என்ற சொல் வருகிற நாளுக்குக் காத்திருக்க வேண்டும். பவள விழா கோபுரத்தின் மேலிருந்து நீர்த்தேக்கத்தின் பரப்பு முழுக்கத் தெரியும். 1925இல் வேலை தொடங்கி 1934இல் முடிந்த அணை இது. தேக்கத்துக்குள் ஊர்கள் மூழ்கின. நீர்மட்டம் 70 அடிப் பக்கம் இறங்கினால் பண்ணவாடிக்கு எதிரே ஜலகண்டேசுவரர் கோயில் நந்தி தலை காட்டும். ஆற்றுப் பயணத்துக்கு ஆகாத கோடைதான் நந்திக்கு ஏற்ற காலம். அணைப் பூங்காப் பக்கம் மீன் வறுவல் கடைகள் வரிசையாக இருக்கும். கண்ணெதிரே வெட்டிப் போடுகிற கடையாகப் பார்த்து, எண்ணெயின் நிறத்தையும் ஒரு கண் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

மேட்டூர்-பவானி 45 கிலோமீட்டர்தான், ஆனால் மொத்தப் பயணத்தில் கண்ணுக்கு அதிகம் கிடைப்பது இங்கேதான். மேற்குக் கரைச் சாலையில் நெரிஞ்சிப்பேட்டை, அம்மாபேட்டை வழியாக வர வேண்டும். செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று மின்சாரத்துக்காக அடுத்தடுத்துக் கதவணைகள் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஆறு ஏரி போலத் தேங்கி, மலை நிழல் விழுந்து கிடக்கும். டெல்டாவில் சொட்டுத் தண்ணீர் இல்லாத மாதங்களிலும் இந்தத் தேக்கங்களில் பெரும்பாலும் நீர் நிற்கும், குடிநீருக்கென்று அணையிலிருந்து கொஞ்சம் விட்டுக்கொண்டே இருப்பார்கள். கோடையில்தான் லீவு என்கிறவர்கள் மேட்டூர்-பவானி மட்டும் ஒரு நாள் போய்வந்தால் போதும்.

இந்தச் சாலையில் ஒரு குழப்பம். சில இடங்களில் சாலைக்குப் பக்கத்தில் சிமென்ட் கரையோடு தெளிந்த நீர் ஓடும், அதை ஆறு என்று நினைத்து இறங்கிப் படம் எடுப்பார்கள். அது மேட்டூர் மேற்குக் கரைக் கால்வாய். அதில் குளிக்க இறங்குவது ஆற்றில் இறங்குவதைவிட ஆபத்து. கரை சரிவாகவும் பாசி பிடித்தும் இருப்பதால் ஏறப் பிடி கிடைக்காது.

நெரிஞ்சிப்பேட்டையிலிருந்து எதிர்க்கரைப் பூலாம்பட்டிக்கு விசைப்படகு போகிறது. ஆளோடு பைக்கையும் ஏற்றிக்கொள்வார்கள். இருசக்கர வண்டியில் போகிறவர்கள் இந்தக் கடப்பை விடக் கூடாது. கார் வைத்திருப்பவர்கள் காரை இந்தக் கரையில் நிறுத்திவிட்டுப் போய்வரலாம். கதவணையில் பராமரிப்பு வேலைக்காக ஆண்டுக்கு ஒரு முறை தண்ணீரை வடிப்பார்கள், அப்போதும் வெள்ளத்தின் போதும் படகு கிடையாது. ஏற்றும் முன் பைக்கின் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, சைடு ஸ்டாண்டை நம்பாமல் வண்டியைக் கையில் பிடித்தபடியே நில்லுங்கள்.

பவானிக் கூடுதுறையில் இரண்டு ஆறும் சேருகிற இடத்தைச் சங்கமேசுவரர் கோயில் படித்துறையிலிருந்து பார்க்கலாம். ஒரு பக்கம் மேட்டூர்த் தண்ணீரும் மறுபக்கம் பவானிசாகர்த் தண்ணீரும் வருவதால் மழைக்காலத்தில் நிற வேற்றுமை சற்று தூரம் வரை பிரிந்து தெரியும். ஜமக்காளம் வாங்குகிறவர்கள் கைத்தறியா விசைத்தறியா என்று கேட்டு வாங்க வேண்டும். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, ஆனால் அந்தப் பெயரில் விற்கிற எல்லாமே பவானித் தறியில் நெய்தவை இல்லை.

பவானியிலிருந்து பள்ளிபாளையம் வரை ஆற்றில் குளிக்க வேண்டாம். இரு கரையிலும் சாயத்தொழில், கழிவு வாய்க்கால்கள் கலக்கும் இடங்கள் உண்டு. நொய்யல் ஆறு வந்து சேரும் இடத்துக்கும் இது பொருந்தும். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் கொடுமுடியில் இறங்குவது மேல்.

ஈரோட்டுக்குத் தெற்கே காங்கயம்பாளையத்தில் ஆற்றின் நடுவே பாறைத் திட்டில் நட்டாற்றீசுவரர் கோயில் இருக்கிறது. பிரதான சாலையிலிருந்து உள்ளே திரும்ப வேண்டும், பலகையைத் தவறவிடுவது சுலபம். இந்தப் பக்கம் சாலையைக் குறுக்கும் நெடுக்குமாக ஒரு வாய்க்கால் துரத்திக்கொண்டே வரும். காலிங்கராயன் வாய்க்கால், 13ஆம் நூற்றாண்டில் பவானி ஆற்றில் அணை கட்டிப் பிரித்து, காவிரிக்கு இணையாக 90 கிலோமீட்டர் வளைத்து வளைத்து நொய்யல் வரை கொண்டுபோயிருக்கிறார்கள். நேராக வெட்டாமல் இப்படி வளைத்ததால் சரிவு குறைந்து, வழியில் உள்ள வயல்களுக்கெல்லாம் மட்டத்தில் பாய்ச்சல் கிடைக்கிறது. மஞ்சளும் கரும்பும் வாழையும் நிற்பது இந்தத் தண்ணீரில்தான். கொடுமுடியில், அதுவரை தெற்கே வந்துகொண்டிருந்த காவிரி கிழக்கே திரும்புகிறது. வண்டியும் திரும்புகிறது.

அதனால் ஒரு சின்னத் தொல்லை. கரூர்-திருச்சி, திருச்சி-பூம்புகார் இரண்டுமே மேற்கிலிருந்து கிழக்கு. காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை சூரியன் நேரே கண்ணில் குத்தும். எதிரே முந்துகிற பஸ் தெரியாது. காலையில் ஊருக்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு ஒன்பதுக்கு மேல் கிளம்பினால் நல்லது. மாலையில் வெயில் முதுகுப் பக்கம் விழுவதால் எதிரே உள்ள தோப்பும் ஆறும் படத்துக்கு நன்றாக வரும். சிலர் பூம்புகாரில் தொடங்கி மேற்கே வருவார்கள். அவர்களுக்கு இதே தொல்லை சாயங்காலம்.

கரூர்-திருச்சி தேசிய நெடுஞ்சாலை 81 தென்கரையில் போகிறது. பல இடங்களில் நடுத் தடுப்பு கிடையாது, லாரியும் பஸ்ஸும் அவசரத்தில் இருக்கும். சாலைக்கும் ஆற்றுக்கும் நடுவே தண்டவாளம் வந்துவிடுவதால் ஆறு விட்டு விட்டுத்தான் தெரியும். மாயனூரில் திரும்பிக் கதவணைக்குப் போங்கள், 98 ஷட்டர். பக்கத்தில் மதுக்கரை செல்லாண்டியம்மன் கோயில், சேர சோழ பாண்டிய நாடுகளின் எல்லை கூடுகிற இடம் என்று சொல்வார்கள். குளித்தலையில் இன்னொரு பழைய கணக்கு உண்டு: காலைக் கடம்பர், மத்தியானச் சொக்கர், அந்தித் திருஈங்கோய்நாதர். குளித்தலைக் கடம்பவனேசுவரரைக் காலையிலும், ஐயர்மலையில் மத்தியானத்திலும், ஆறு கடந்து முசிறிப் பக்கம் ஈங்கோய்மலையில் மாலையிலும் கும்பிடுவது. ஐயர்மலையில் ஆயிரத்துக்கு மேல் படிகள். மத்தியான வெயிலில் வெறுங்காலோடு ஏறப் போகிறவர்கள் முழங்காலையும் பாதத்தையும் ஒருமுறை கலந்தாலோசித்துக்கொள்வது நல்லது.

குளித்தலையில் பாலம் ஏறி முசிறிக்குப் போய்விடச் சொல்வேன். அங்கிருந்து குணசீலம், வாத்தலை வழியாகத் திருச்சி வரும் வடகரைச் சாலையில் போக்குவரத்து குறைவு, ஆறும் வாழைத் தோப்பும் கூடவே வரும். தென்கரையிலும் ஜீயபுரம் தாண்டியதும் முத்தரசநல்லூர், கம்பரசம்பேட்டை வரை ஆறு கையெட்டும் தூரத்தில் வரும், அதை மறுக்கவில்லை. முக்கொம்பு பூங்காவுக்குத் தென்கரைதான் வசதி. வடகரையில் வந்தவர்கள் திருச்சியில் தங்கிக்கொண்டு, மறுநாள் காலையில் கரூர் சாலையில் 18 கிலோமீட்டர் பின்னே போய் முக்கொம்பைப் பார்த்துவிட்டு வரலாம். காலையில் மேற்கே போவதால் வெயில் முதுகில்.

முக்கொம்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் மிச்சப் பயணம் முழுக்கப் புரியும். காவிரி இங்கே இரண்டாகப் பிரிகிறது: தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். கொள்ளிடம் ஆழம், சரிவும் அதிகம். விட்டால் தண்ணீர் முழுக்க அந்தப் பக்கம் ஓடிக் கடலுக்குப் போய்விடும், காவிரி மண்மேடிட்டு வயல் காயும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்படித்தான் ஆகிக்கொண்டிருந்தது. 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டி அதைத் தடுத்தார். அதிலிருந்து ஏற்பாடு ஒன்றுதான்: பாசனத் தண்ணீர் காவிரியில், வெள்ளம் கொள்ளிடத்தில். 2018 ஆகஸ்ட் 22ஆம் தேதி இரவு வெள்ளத்தில் கொள்ளிடம் கதவணையின் ஒன்பது ஷட்டர்கள் அடித்துப் போயின. பிறகு புதிய கதவணை கட்டினார்கள். ஆகவே 'மேட்டூரிலிருந்து ஒரு லட்சம் கனஅடி' என்று படித்துவிட்டுக் கும்பகோணத்தில் வெள்ளம் பார்க்கப் போனால் அங்கே காவிரி வழக்கம் போலத்தான் ஓடும். வெள்ளம் பார்க்க வேண்டியது கொள்ளிடப் பாலங்களில்.

திருச்சியிலிருந்து கல்லணைக்கு இரண்டு வழி. தென்கரைச் சாலை ஒன்று. திருவானைக்காவலிலிருந்து உத்தமர்சீலி வழியாக ஸ்ரீரங்கத் தீவுக்குள்ளேயே போவது இன்னொன்று. ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம், நடுவே வாழையும் நெல்லும் என்பதால் என் ஓட்டு இரண்டாவதற்கு. சாலை ஒடுக்கம், டவுன் பஸ் வந்தால் மண்ணில் இறங்கித்தான் ஒதுங்க வேண்டும், மழை பெய்த மறுநாள் அந்த மண் வழுக்கும்.

கல்லணையின் பழைய உடல் 329 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 5.4 மீட்டர் உயரம். நேர்கோட்டில் இல்லாமல் வளைந்து போகும். கரிகாலன் காலத்துக் கல் இன்று நாம் நிற்கிற பாலத்துக்கு அடியில் இருக்கிறது. மேலே தெரிகிற மதகும் பாலமும் வெள்ளைக்காரர் காலத்திலும் பிறகும் வைத்தவை. இது தெரியாமல் வருகிறவர்கள் 'இதுதானா கல்லணை' என்று கேட்பார்கள். இங்கே தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து போகும், மிஞ்சியது கொள்ளிடத்துக்கு. மூன்றுக்கும் எப்போதும் ஒரே அளவு விட மாட்டார்கள். இருப்பு குறைந்த ஆண்டுகளில் முறை வைப்பார்கள். காவிரிக்கு சில நாள், வெண்ணாற்றுக்குச் சில நாள். மேட்டூரில் நல்ல திறப்பு இருந்தும் திருவையாற்றில் காவிரி வற்றிக் கிடக்கக் காரணம் இந்த முறைதான். கிளம்புவதற்கு முதல் நாள் கல்லணையிலிருந்து காவிரிக்கு எவ்வளவு என்று தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் செய்தியில் வரும். அணையில் நிற்கும் லஸ்கரை (மதகு பார்க்கும் ஊழியரை) கேட்டால் இன்னும் துல்லியமாகச் சொல்வார். எந்த ஆற்றில் எத்தனை அடி, தண்ணீர் எந்த ஊரைத் தாண்டியிருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருக்கும்.

கல்லணைக்குக் கீழே கைப்பேசி வரைபடம் எதிரி. திருவையாறு என்று போட்டால் தஞ்சாவூர் வழியாகவும், கும்பகோணம் என்று போட்டால் புதிய நான்கு வழிச்சாலைக்கும் இழுக்கும். நடுவில் ஊர்களாகப் போட்டுக்கொண்டு போக வேண்டும்: கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி, நடுக்காவேரி, திருவையாறு. அப்புறம் திருப்பழனம், திங்களூர், கணபதி அக்ரகாரம், உமையாள்புரம், கபிஸ்தலம், சுவாமிமலை, கும்பகோணம். அய்யம்பேட்டை, பாபநாசம் வழிச் சாலை வேகமானது, ஆனால் அதில் காவிரி கூட வராது.

ஆற்றுக் கரை மேலேயே போகலாமே என்று ஆசை வரும். கரைகளில் பாதி, மதகு பார்க்கிறவர்களின் வண்டிக்காகப் போட்ட தடம்தான். முன்னே போய் வேலியோ உடைந்த மதகோ குறுக்கே வந்தால் காரைத் திருப்ப இடம் இருக்காது, அரை கிலோமீட்டர் பின்னாலேயே ஓட்டி வர வேண்டும். ஒரு சுலபமான விதி: மினி பஸ் ஓடும் கரையில் காரை விடலாம், ஓடாத கரையில் பைக் மட்டும். டீக்கடையில் 'இந்தக் கரையில பஸ் வருமாண்ணே' என்று ஒரு வார்த்தை கேட்டால் முடிந்தது. இருட்டிய பிறகு எந்தக் கரையிலும் வேண்டாம். தடுப்புச் சுவர் கிடையாது, எதிர் வண்டியின் ஹை பீம் கண்ணில் அடித்தால் கரையின் விளிம்பு தெரியாது.

அறுவடைக் காலத்தில் டெல்டாச் சாலை பாதி களம். நெல்லைத் தார் மேல் கொட்டிக் காயவைத்து ஓரத்தில் கல் அடுக்கியிருப்பார்கள். நெல் மேல் பிரேக் பிடித்தால் பைக் கோலிக்குண்டு மேல் போவது போலச் சறுக்கும். வேகத்தை முன்பே குறைத்து, பிரேக் தொடாமல் நேராகக் கடக்க வேண்டும். உளுந்து, எள் செடிகளைப் பரப்பி வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று விடுவார்கள். கார் அடியில் வைக்கோலும் கொடியும் சுற்றிக்கொண்டால் சூடான சைலன்சரில் பட்டுப் புகையும், தீயும் பிடிக்கும். ஏறிக் கடந்த பிறகு நிறுத்தி அடியில் குனிந்து பார்ப்பது ஒரு நிமிட வேலை. கொள்முதல் நிலையங்களுக்கு முன்னால் லாரி வரிசை நிற்கும், அறுவடை இயந்திரம் வந்தால் சாலை முழுதும் அதற்குத்தான். கரூர்ப் பக்கம் கரும்பு டிராக்டர். இரவில் பின்விளக்கு இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மணல் அள்ளிய குழிகள் ஆற்றுக்குள் அப்படியே கிடக்கின்றன. முழங்கால் ஆழம் என்று நடந்து போகிற இடத்தில் அடுத்த அடி தலைக்கு மேல். கதவணைக்குக் கீழே நுரைத்துக்கொண்டு தண்ணீர் வருகிற இடம் பார்க்கக் குளிக்கக் கூப்பிடும், அங்கே அடியில் சுழல் இருக்கும், நீச்சல் தெரிந்தவர்களையும் விடாது. முக்கொம்பிலும் கல்லணையிலும் உயிர் போன செய்தி இல்லாத ஆண்டு அரிது. ஊர்ப் பெண்கள் துணி துவைக்கும் படித்துறையில், அவர்கள் இறங்குகிற படி வரைக்கும்தான் இறங்கலாம். காய்ந்த ஆற்றில் வண்டியை இறக்கிக் கூடாரம் போடுவதும் வேண்டாம். திறந்துவிட்ட தண்ணீர் ராத்திரியில் வந்து சேரும்.

கோயில்கள் பெரும்பாலும் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தி நாலு மணிக்குத்தான் திறக்கும். ஆகவே மத்தியானம் சாலைக்கும் சாப்பாட்டுக்கும். திருவையாற்றில் அசோகா: பாசிப்பருப்பு, சர்க்கரை, நெய், சூடாக நூறு கிராமுக்கு மேல் ஒருவருக்குத் தாங்காது. ஐயாறப்பர் கோயில், ஆற்றங்கரையில் தியாகராஜர் சமாதி இரண்டும் நடக்கும் தூரம்தான். ஜனவரியில் ஆராதனை நாட்களில் அறை கிடைக்காது, தஞ்சாவூரில் தங்க வேண்டும். சுவாமிமலையில் ஐம்பொன் படிமம் வார்க்கிற பட்டறைகளில் கேட்டால் உள்ளே விடுவார்கள். மெழுகு உருவின் மேல் பூசும் மண் காவிரியின் வண்டல். மாவு போல நைசாக இருப்பதால் நகக் கோடு வரைக்கும் அச்சில் பதியும். கும்பகோணத்தில் காலை இட்லியோடு கடப்பா (உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் போட்ட குழம்பு) கிடைக்கிற கடையாகப் பார்த்து உட்காருங்கள், எல்லா நாளும் போட மாட்டார்கள். டிகிரி காபிப் பலகை நெடுஞ்சாலை நெடுக இருக்கிறது. பித்தளை டபராவை வைத்து ருசியை முடிவு செய்ய வேண்டாம்.

கும்பகோணத்துக்கு வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. பகவத் படித்துறையிலும் சக்கரப் படித்துறையிலும் நின்று பார்த்தால் திருச்சியில் பார்த்த ஆறா இது என்று தோன்றும். திருக்காட்டுப்பள்ளியில் குடமுருட்டி பிரிந்தது, அப்புறம் அரசலாறு, இனி வீரசோழன். ஒவ்வொரு பிரிவிலும் காவிரி ஒல்லியாகிக்கொண்டே வருகிறது. தண்ணீரை வயலுக்குக் கொடுத்துக் கொடுத்துத் தானே வாய்க்காலாகிவிடுகிற ஆறு. திருவிடைமருதூர், ஆடுதுறை, குத்தாலம் தாண்டி மயிலாடுதுறை. நெல் மூட்டைகளில் ஏடிடி என்று போடுகிறார்களே, அது இந்த ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்து ரகம். மயிலாடுதுறையில் துலாக் கட்டம். ஐப்பசி மாதம் முழுக்க முழுக்குக் கூட்டம், கடைசி நாள் கடைமுகத்துக்கு ஊரே திரளும். அந்த மாதத்தில் போகிறவர்கள் விடியற்காலையிலேயே ஊரைத் தாண்டிவிட வேண்டும்.

மேலையூரில் காவிரியின் கடைசிக் கதவணை. இதைத் தாண்டினால் பாசனம் இல்லை. பூம்புகாரில் கழிமுகம் என்று பெரிய எதிர்பார்ப்போடு போகாதீர்கள், மணல் திட்டு அடைத்துக்கொண்டிருக்கும் ஒரு சிறிய வாய்தான் கடலைத் தொடும், தண்ணீர் வராத மாதங்களில் அதுவும் இல்லை. கீழையூரில் 1960களில் தொல்லியல் துறை தோண்டிக் கண்ட செங்கல் படகுத்துறையும், மேலையூர்ப் பக்கம் பல்லவனேசுவரத்துப் புத்த விகாரத்தின் அடித்தளமும் சாலையிலிருந்து அதிக தூரம் இல்லை. கடலுக்குப் போகும் முன் இவற்றைப் பார்த்தால் ஊரின் வயது புரியும். கடலில் இறங்க வேண்டாம், கரை சட்டென்று ஆழமாகும்.

அகன்ற முகத்துவாரம் பார்த்தே தீர வேண்டும் என்றால் சீர்காழி வழியாக வடக்கே பழையாறு போங்கள், கொள்ளிடம் கடலில் சேருகிற பக்கம், மீன்பிடித் துறைமுகமும் இருக்கிறது. பூம்புகாரிலிருந்து வெயில் தாழ்வதற்குள் கிளம்பிவிட வேண்டும். ராத்திரி தங்க சீர்காழியோ மயிலாடுதுறையோதான் வசதி.